பொறுப்பெடுக்க ஒரு கையெழுத்து

கொழும்புத்துறை
10.08.1993

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் சுகம். உங்கள் முழங்கால் நோ குறைந்ததா?

முதியோர் இல்லத்து வேலை பழகிவிட்டது. இங்குள்ள மீனாம்பிகை ஆச்சிக்கு எங்கள் சன்னிதிக் கோயில் தேரைப் பார்க்க ஆசை. வயது வந்த ஒருவர் பொறுப்பெடுத்துக் கையெழுத்திட்டால்தான் வெளியே விடலாம் என்பது அரசாங்க விதியாம். அவருக்கு ஒருவரும் இல்லை. அதனால் நானே பதிவுக் கொப்பியில் கையெழுத்திட்டேன். இல்லத்தை நடத்தும் மேற்றன் அதை வெட்டிவிட்டார்.

“பதினாறு வயசிலையோ? உன்னையே ஆரும் வந்து பொறுப்பெடுக்க வேணும், பிள்ளை!”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

தேருக்கு முதல்நாள் வருவீர்களா, அம்மா? குளிக்கச் சவர்க்காரம் ஒரு துண்டு கொண்டுவாருங்கள். ஆச்சிக்குக் கையெழுத்து வையுங்கள். விதியில் இல்லாவிட்டாலும் எனக்கும் ஒன்று வையுங்கள்.

மணி அடிக்கிறது. கஞ்சி கொடுக்கப் போகிறேன்.

உங்கள் மகள்
பத்மாசினி