மெர்ஷாவின் கழுதையைத் தின்றது யார்

அன்புள்ள தெருயேவுக்கு,

இஸ்ரவேலின் தேவன் உன்னையும் நம் பிள்ளைகளையும் காக்கட்டும். உன் முழங்கால் வலி தேவலையா? நான் நலம்.

இரும்படிக்கும் யூதன் இரவில் கழுதைப்புலியாக மாறுவான் என்ற பைத்தியக்காரப் பேச்சு, நான் பிழைக்க வந்த இந்த ஊரிலும் உண்டு. இவர்களுக்கு நான் அடித்த ஏர்க்கொழு வேண்டும், நான் தொட்ட குவளை வேண்டாம். போன சனிக்கிழமை விடியலில் இங்கே மெர்ஷா என்ற உழவனின் கழுதையைக் கழுதைப்புலி தின்றுவிட்டது. ஞாயிறன்று மெர்ஷா ஊர்த்தலைவரோடு என் பட்டறைக்கே வந்துவிட்டான்.

“யோவ் பெரிசு, என் கழுதைய ஏன்யா தின்ன?”

“வாயில நாலு பல்லுதான்டா இருக்கு! அதுவும் ஓய்வுநாள்ல அடுப்பே பத்தவைக்காதவன், கழுதைய வெரட்டிக்கிட்டு ஓடுவேனா?”

தலைவர் யோசித்தார். “நியாயந்தான். சனிக்கிழமை இவரு எந்த வேலையும் செய்யமாட்டாரு.”

ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். இப்போது என்னடாவென்றால், அன்று தின்றது ஏதோ வழிதப்பி வந்த நிஜக் கழுதைப்புலியாம்; நான் ஓய்ந்திருக்கும் சனிக்கிழமை மட்டும் பயமில்லை என்று எல்லோரும் கழுதைகளை அவிழ்த்துவிடப் போகிறார்களாம்! இன்னொன்று போனால், நான் ஓய்வுநாளையும் மீறிவிட்டேன் என்று என்னை ஊரைவிட்டே விரட்டுவார்கள். நீ கவலைப்படாதே.

வறுத்த பார்லி கொஞ்சம் கொடுத்தனுப்பு. இவர்கள் சமைத்ததை நான் தொடமாட்டேன்; என் சமையலைத் தனியாகத் தின்று சலித்துவிட்டது.

இன்று வெள்ளி. பொழுது சாய்ந்தால் ஓய்வுநாள் தொடங்கிவிடும்; அதற்குள் வீடுவீடாகப் போய், கழுதைகளைக் கட்டச்சொல்லிக் கத்த வேண்டும். நிறுத்துகிறேன்.

உன்
யெஷாக்