மூன்று முறை கூப்பிட்டாள்

12 செப்டம்பர் 2024, வியாழன்

ஆதார் திருத்த வந்தவர்களின் வரிசை இன்று தபால் ஆபீஸ் வாசலைத் தாண்டி நின்றது. இரண்டரை மணிக்குத்தான் சாப்பாடு. யூசுப் பாய் நடத்தும் ஞாயிறு நடைக் குழுவில் பேர் கொடுத்துவிட்டதாக இசக்கிசெல்வி சொன்னாள். என் பேரையும் சேர்த்தே கொடுத்திருக்கிறாள். புளியங்குடிக்கு மேற்கே, மலை ஓடையை ஒட்டி நாலு மைல். வனத்துறை அனுமதி வந்துவிட்டதாம். பதினோரு வருடமாகப் பக்கத்துப் பக்கத்து நாற்காலி, சேர்ந்து ஓரிடத்துக்கும் போனதில்லையே என்றாள். உண்மைதான்.

21 செப்டம்பர், சனி

ஷூ வாங்கினேன். நாற்பத்து மூன்று வயதில் முதல் ஷூ. வீட்டுக்காரர் சிரித்தார். குருநாதன் சிரித்தால் எனக்குப் பிடிவாதம் கூடும்.

23 செப்டம்பர், திங்கள்

செல்வி ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். இடது கணுக்காலில் இரண்டு இடத்தில் முறிவு. உயிருக்கு ஒன்றுமில்லை. நான்தான் காப்பாற்றினேன் என்று எல்லாரும் சொல்கிறார்கள்.

25 செப்டம்பர், புதன்

எழுதிவிட வேண்டும். இங்கேயாவது.

எட்டுப் பேர் போனோம். முன்னால் வனக்காவலர் மாரிக்கண்ணன். எலுமிச்சைத் தோட்டங்கள் முடிகிற இடத்தில் எங்களை நிறுத்தி ஒரே ஒரு விஷயம் சொன்னார்: மேலே மலையில் மழை பெய்தால் கீழே தெரியாது, ஓடைத் தண்ணீர் நிறம் மாறினால் யோசிக்காமல் கரையேறிவிட வேண்டும்.

பாதை என்று தனியாக ஒன்றும் இல்லை. பாறை, அதன் மேல் ஒரு வேர், மறுபடி பாறை. இரண்டு பக்கமும் மலை நெருங்க நெருங்க வெளிச்சம் பச்சையாக மாறியது. வெளுத்த தண்டுள்ள மருத மரங்கள் தண்ணீர் மேல் சாய்ந்து நின்றன. எங்கள் சங்கரன்கோவில் வெயிலிலிருந்து இரண்டு மணி நேரத்தில் இப்படி ஓர் இடமா என்று இருந்தது. செல்வி ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று படம் எடுத்தாள். அதனால் இரண்டு பேரும் பின்தங்கினோம். ஓடையை நாலு இடத்தில் தாண்ட வேண்டும். மூன்றாவது இடத்துக்கு வந்தபோது மற்றவர்கள் மேலே போய்விட்டார்கள். பேச்சுச் சத்தம் மட்டும் கேட்டது.

நான் முதலில் தாண்டினேன். செல்வி நடுவில் ஒரு பாறையில் வழுக்கி விழுந்தாள். எழுந்திருக்கப் பார்த்தாள், முடியவில்லை. கால் இரண்டு பாறைக்கு நடுவே சிக்கியிருந்தது. திரும்பிப் போய் அவள் தோளைப் பிடித்து இழுத்தேன். அவள் வலியில் கத்தினாள். அப்போதுதான் தண்ணீரில் சருகு வந்தது. பிறகு சுள்ளி. பிறகு தண்ணீரே காப்பி நிறமாக ஆனது. முழங்காலுக்குக் கீழே இருந்தது, முழங்காலுக்கு மேலே வந்தது. அவளுக்கு இடுப்புவரை.

கையை விட்டேன்.

வந்த கரையில் ஏறி ஓடினேன். கீழ்ப்பக்கமாக. ஆட்கள் மேலே இருந்தார்கள் — காவலர் மேலே இருந்தார் — நான் கீழே ஓடினேன். உதவிக்கு ஆள் தேடி ஓடவில்லை. என் மனதில் செல்வியே இல்லை, நான் மட்டும்தான் இருந்தேன்.

அவள் என் பேரைச் சொல்லி மூன்று முறை கூப்பிட்டாள்.

ஒரு வளைவில் இரண்டு தோட்டக்காரர்கள் எதிரே வந்தார்கள், தோட்டத்துக்குப் போகிற ஹோஸ் குழாயைச் சரிபார்க்க. தோளில் கயிறு கிடந்தது. என்னம்மா என்று கேட்டார்கள். ஓடைப் பக்கம் கையை மட்டும் காட்டினேன். அவர்கள் ஓடினார்கள். கழுத்தளவுத் தண்ணீரில் ஒரு வேரைப் பிடித்துக்கொண்டிருந்தவளைக் கயிறு கட்டி, காலை நெம்பி எடுத்தார்களாம். அந்த இரண்டு பேர் வராமல் இருந்திருந்தால்?

ஏன் கீழே ஓடினாய் என்று இதுவரை ஒருவரும் கேட்கவில்லை.

29 செப்டம்பர், ஞாயிறு

செல்வியின் வீட்டுக்காரர் பாண்டிராஜ் பழக்கூடையோடு வந்தார். டிராக்டர் பட்டறை நடத்துகிறவர், அதிகம் பேசமாட்டார். கையெடுத்துக் கும்பிட்டார். “நீங்க ஓடிப்போய் ஆளக் கூட்டிட்டு வரலன்னா எம்பொண்டாட்டி இல்ல, மதினி.” நான் காப்பி போடுகிறேன் என்று உள்ளே போய் அடுப்படியில் நின்றேன். பாலை அடுப்பில் வைக்கவே மறந்துவிட்டேன்.

சமயத்தில் புத்தியாக நடந்துகொண்டாயே என்று குருநாதனுக்கும் பெருமை.

6 அக்டோபர், ஞாயிறு

செல்வியைப் பார்க்கப் போனேன். சொல்லவில்லை.

13 அக்டோபர், ஞாயிறு

சொன்னேன்.

கட்டிலில் காலைத் தலையணை மேல் தூக்கி வைத்திருந்தாள். தகடு வைத்து ஆறு திருகு போட்டிருக்கிறார்கள். பாண்டிராஜ் பட்டறைக்குப் போயிருந்தார். உதவிக்கு ஆள் தேடி ஓடவில்லை, பயந்து ஓடினேன் என்றேன்.

“தெரியும்ட்டி. ஆளுக மேலல்லா இருந்தாங்க. நீ கீழ போற.”

அவளாகவே பேசினாள். என் இடத்தில் இருந்திருந்தால் தானும் என்ன செய்திருப்பாளோ தெரியாது, அதனால்தான் யாரிடமும் சொல்லவில்லை என்றாள். எனக்கு அழுகை வந்தது. அதோடு எழுந்து வந்திருக்கலாம். ஆனால் அவள் கேட்டாள்.

“நான் கூப்பிட்டது ஒனக்குக் கேக்கலல்லா?”

இல்லை என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? ஒரு சொல்.

“கேட்டுச்சு” என்றேன்.

“மூணு தடவையுமா?”

ஆமாம் என்று தலையை ஆட்டினேன். தண்ணீர்ச் சத்தத்தில் கேட்டிருக்காது என்றுதான் இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்ததாகச் சொன்னாள். சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“சரி. நீ போ, ப்ரியா.”

2 நவம்பர், சனி

போன் பண்ணினேன். எடுக்கவில்லை. இருந்ததையும் நானே கெடுத்துக்கொண்டேனா? பொய் சொல்லியிருந்தால் அவளுக்காவது நிம்மதியாக இருந்திருக்குமே. யாருக்காகச் சொன்னேன்?

9 டிசம்பர், திங்கள்

செல்வி வேலைக்கு வந்தாள், ஊன்றுகோலோடு. படி ஏறக் கை கொடுக்கப் போனேன். கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறினாள். போஸ்ட்மாஸ்டரிடம் கேட்டு மூன்றாவது கவுண்டருக்கு மாறிக்கொண்டாள்.

5 ஜனவரி 2025, ஞாயிறு

யூசுப் பாய் கடை மாடியில் நடைக் குழுவின் வருடக் கூட்டம். முப்பது பேர் இருக்கும். செல்வியால் மாடி ஏற முடியாது, பாண்டிராஜ் மட்டும் வந்திருந்தார். என்னை முன்னால் கூப்பிட்டார்கள். யூசுப் பாய் கையில் சால்வை. எனக்கு முன்பே தெரிந்திருந்தால் போயிருக்க மாட்டேன்.

வேண்டாம் பாய் என்றேன். நடந்ததை நடந்தபடி சொன்னேன். கையை விட்டது, கீழே ஓடியது, குரல் கேட்டது. காப்பாற்றியவர்கள் அந்தத் தோட்டக்காரர்கள், சால்வை அவர்களுக்குப் போக வேண்டும் என்றேன். விரித்த சால்வையை யூசுப் பாய் மெதுவாக மடித்தார். பயம் எல்லாருக்கும் உள்ளதுதானே என்று ஏதோ சொல்ல ஆரம்பித்தார். பாண்டிராஜ் எழுந்து படியிறங்கிப் போய்விட்டார்.

வீட்டில் குருநாதன் தட்டைத் தள்ளி வைத்தார். “ஒன்ட்ட யாரு கேட்டா? ஊர்ல இனி எப்படித் தல நிமுந்து நடக்க?” ஆனால் எனக்குப் பசித்தது. நன்றாகச் சாப்பிட்டேன்.

8 ஜனவரி, புதன்

பாண்டிராஜ் பைக்கில் செல்வியை இறக்கிவிட்டார். என்னைப் பார்த்தும் பார்க்காமல் வண்டியைத் திருப்பினார்.

20 ஜனவரி, திங்கள்

செல்வி பசை டப்பா கேட்டாள். கொடுத்தேன்.

6 பிப்ரவரி, வியாழன்

மதியம் தனியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். செல்வி ஊன்றுகோல் இல்லாமல், லேசாக விந்தி வந்தாள். எதிரே நாற்காலியை இழுத்து உட்கார்ந்து டப்பாவைத் திறந்தாள். இரண்டு வாய் சாப்பிட்டாள்.

“எங்க வீட்டுக்காரரு இன்னும் ஒம்மேல கோவமாத்தான் இருக்காரு.”

இருக்கட்டும் என்றேன்.

“எனக்கும் இருக்கு.”

சரி என்றேன்.

மேடு பள்ளத்தில் நடந்து பழக வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறாராம். ஞாயிற்றுக்கிழமை குளத்தங்கரை வரைக்கும் போகப்போகிறாளாம். அவியலை என் மூடியில் கொஞ்சம் தள்ளினாள்.

“வாரியா?”

எத்தனை மணிக்கு என்று கேட்டேன்.

“ஆறு. நான் மெதுவாத்தான் நடப்பேன், பாத்துக்க.”