நல்ல தண்ணீர் குடித்த இஞ்சின்

மச்சான்,

இன்று காலையில் உன் பிளசர் காரின் பானட்டைத் தூக்கினேன். பழைய எண்ணெயும் டீசலும் கலந்து ஒரு வாடை வந்தது பார், நீ பீடியைக் காதில் சொருகிக்கொண்டு பக்கத்தில் நின்று "தள்ளுலே" என்று சொன்ன மாதிரியே இருந்தது. நிஜமாகவே அரை அடி தள்ளி நின்றுவிட்டேன். ஆனால் பக்கத்தில் நின்றது நீ இல்லை, மதுரையிலிருந்து வந்திருந்த ஒரு தம்பி.

பழைய கார்களை வாங்கிப் பிறந்தபோது இருந்த மாதிரியே ஆக்குவதுதான் அந்தத் தம்பிக்குத் தொழிலாம். உன் மகன் துபாயிலிருந்து போன் போட்டு, "மாமா, ஒருத்தர் வருவாரு, வண்டியக் காட்டுங்க. குடுக்குறதும் குடுக்காததும் உங்க இஷ்டம்" என்று சொல்லியிருந்தான். நீ போன பிறகு வண்டி என் பொறுப்பில்தானே நிற்கிறது. வந்த தம்பி சுற்றிச் சுற்றிப் பார்த்து, மட்கார்டைத் தடவி, கதவைத் திறந்து மூடிச் சத்தம் கேட்டு, பெண் பார்க்க வந்தவர் மாதிரி பூரித்துப் போயிருந்தார். பானட்டைத் தூக்கியதும்தான் முகம் விழுந்தது.

"என்னய்யா, இது லாரி இஞ்சினாச்சே?"

"ஆமா. உப்பு லாரி இஞ்சின்."

"இம்புட்டு அருமையான வண்டிக்குள்ள இதையா வச்சாங்க? யாரு பாத்த வேலை இது?"

எனக்குச் சுருக்கென்று வந்தது. மூக்குக்கு மேல் கோபம் வருகிற ஆள்தானே நான், உனக்குத் தெரியாததா. "எங்க மச்சான் பாத்த வேலை" என்றேன், கொஞ்சம் சத்தமாகவே. நீ இருந்திருந்தால் சிரித்திருப்பாய். ஏன் இந்த இஞ்சின் என்று அவருக்கு விளக்கப் போய்ப் பாதியில் நிறுத்திக்கொண்டேன். வெளியாளிடம் சொல்லும்போது சொல் எல்லாம் சப்பென்று இருந்தது. உன்னிடமே சொல்லிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

வாலிநோக்கத்து உப்பளத்திலிருந்து பரமக்குடிக்கு உப்பு ஏற்றிப் போகிற மினி லாரியை நான் ஓட்டிக்கொண்டிருந்த காலம். சித்திரை மாதம், விடிந்து கொஞ்ச நேரம். மூட்டை ஏற்றிக்கொண்டு அளத்து வரப்பு ரோட்டில் வருகிறேன். அடியில் கடல் தண்ணீர் ஊறி மண் இளகிக் கிடந்தது மேலே பார்த்தால் தெரியவில்லை. இடது சக்கரம் உள்வாங்கியது, அவ்வளவுதான். கடல் தண்ணீரைத் தேக்கி வைக்கிற பெரிய பாத்திக்குள் வண்டி அப்படியே சாய்ந்து விழுந்தது. உப்புத் தண்ணீர் என் வாய்க்குள் போகிறது, கதவைத் தேடுகிறேன், கைக்கு அகப்படவில்லை. இஞ்சின் மட்டும் தண்ணீருக்குள்ளும் ஓடிக்கொண்டிருந்தது. பிறகு ஒரு முக்கு முக்கி, வண்டியையே உலுக்கிவிட்டு நின்றது.

அளத்து ஆட்கள் என்னை இழுத்துப் போட்டார்கள். உடம்பில் ஒரு கீறல் இல்லை. சாமி காப்பாற்றிவிட்டது என்று ஊரே சொன்னது. ஆனால் அன்றிலிருந்து கை ஆடத் தொடங்கியது. ஸ்டியரிங்கைத் தொட்டால் ஆடும். ரோட்டில் பஸ் போகிற சத்தம் கேட்டாலும் ஆடும். அந்த முக்கல் என் காதுக்குள்ளேயே இருந்தது. வண்டி ஓட்டுவதைத் தவிர எனக்கு என்ன தெரியும்? பூமயில் கருவேல முள் வெட்டக் கூலிக்குப் போனாள். நான், அவளைக் கட்டியவன், வீட்டில் ஆட்டுக்குட்டிக்குக் குழை ஒடித்துப் போட்டுக்கொண்டு கிடந்தேன். வெட்கமாக இருந்தது மச்சான். செத்துப் போயிருக்கலாம் என்றுகூட ஒருநாள் நினைத்தேன்.

விழுந்த லாரியின் பாடியைக் காயலான் கடைக்காரர் பேசி முடித்தார். இஞ்சினை மட்டும் நீ உன் பட்டறைக்கென்று கேட்டு வாங்கினாய். "வாப்பா பிளசர்ல பெட்ரோல் இஞ்சின் செத்துப் போச்சு மாப்ள. இத வச்சா டீசல் டாக்சியா ஓட்டலாம். ஏர்வாடி தர்காவுக்கு வர்ற சனமெல்லாம் நம்ம வண்டிதான்" என்றாய். உன் வாப்பா கொழும்புக் கடையை முடித்துக்கொண்டு வந்த வருஷம் ஒரு ஜமீன் வீட்டாரிடம் வாங்கிய வண்டி. சுற்றுவட்டாரத்தில் பாதி மாப்பிள்ளைகள் அதில்தான் ஊர்வலம் போனார்கள். வாப்பா மவுத்தான பிறகும் உன் உம்மா வெள்ளிக்கிழமை தவறாமல் அதற்குச் சாம்பிராணி காட்டுவார்கள். அப்பேர்ப்பட்ட வண்டியில் உப்பு லாரி இஞ்சினா என்று எனக்கு மனசு ஒப்பவில்லை.

"செய்யி. டிரைவர மட்டும் வேற பாத்துக்க" என்றேன். நீ காதில் போட்டுக்கொள்ளவே இல்லை.

இஞ்சினை உடனே எடுப்பாய் என்று எல்லோரும் கயிறும் கையுமாக வந்து நின்றால், நீ எடுக்கவே விடவில்லை.

"என்ன பாய், உப்புல கெடந்து ஊறுது, பாத்துக்கிட்டே நிக்கிறீக?" என்றார் காயலான் கடைக்காரர்.

"கெடக்கட்டும். முழுகிக் கெடக்குறவரைக்கும் ஒண்ணும் ஆவாது. காத்துப் பட்டாத்தான் துருப் புடிச்சு இறுகிப் போவும். எடுத்தா நல்ல தண்ணிக்குள்ளதான் எறக்கணும். தொட்டி ரொம்பட்டும், அப்பறம் எடுப்போம்."

கடலுக்குப் போகிறவர்கள் இஞ்சின் தண்ணீரில் விழுந்தால் செய்கிற காரியம்தான் அது. ஆனால் நல்ல தண்ணீர்! சித்திரை மாதத்தில், நம்ம சீமையில், நல்ல தண்ணீர்! ஊருணி காய்ந்து வெடித்துக் கிடந்தது, கிணறெல்லாம் உப்பு. ஓடை மணலில் ஊற்றுத் தோண்டி, பெண்கள் முறை வைத்து, சிரட்டையால் மோந்து மோந்து ஒரு குடம் நிறைவதற்குள் இடுப்பு ஒடிந்துவிடும். உன் பட்டறைக்குப் பின்னால் இருந்த சிமெண்டுத் தொட்டியை அந்தத் தண்ணீரால் நிரப்பப் போகிறாய் என்ற பேச்சு ஊற்றங்கரைக்குப் போனதுதான் தாமதம், வந்தார்களே ஒரு படை! முன்னால் நின்றது என் வீட்டுக்காரிதான்.

"ஏண்ணே, புத்தி கித்தி கெட்டுப் போச்சா ஒங்களுக்கு? புள்ளைக நாக்க நனைக்கத் தண்ணி இல்ல, நீங்க இரும்பக் குளிப்பாட்டப் போறீகளோ?"

"இங்கன வா தங்கச்சி" என்று அவளை மட்டும் வேப்பமரத்துப் பக்கம் கூப்பிட்டு ஏதோ சொன்னாய். அவள் ஏதோ கேட்டாள். நீ தலையை ஆட்டினாய். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரும்பி வந்தவள், குடத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். ஆளைச் சமாளிப்பதில் நீ கெட்டிக்காரன் என்று நினைத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு ஒரு வாரம் எங்கள் வீட்டுச் சோறு கரித்தது. வாயில் வைக்க முடியவில்லை.

"என்னடி இது, உப்பளத்தையே கொண்டாந்து ஒலையில கொட்டுனியா?"

"கெணத்துத் தண்ணியிலதான் வடிச்சேன். திங்கிறதுன்னா தின்னுங்க, இல்லாட்டி எந்திரிங்க."

நான் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தேன். அவள் அதே சோற்றை உட்கார்ந்து தின்றாள்.

தொட்டி நிறைந்தது. வெயிலுக்கு அதன்மேல் ஓலை போட்டு மூடி வைத்திருந்தாய். அப்புறம்தான் பனங்கட்டையில் முக்காலி கட்டி, செயின் பிளாக் மாட்டி, பாத்திக்குள்ளிருந்து இஞ்சினைத் தூக்கினீர்கள். ஈரச் சாக்கைச் சுற்றி டிராக்டரில் ஏற்றி, வழியெல்லாம் சாக்கின்மேல் தண்ணீர் தெளித்துக்கொண்டே வந்து தொட்டிக்குள் இறக்கினாய். அதன் வாயிலிருந்து குபுகுபுவென்று சேறும் உப்பும் வந்தது. நான் தூரத்தில் கையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு உட்கார்ந்து பார்த்தேன். ஒவ்வொரு சாமானாகக் கழற்றி மண்ணெண்ணெயில் கழுவினாய். தண்ணீர் குடித்ததில் ஒரு ராடு வளைந்திருந்தது, அதை மாற்றினாய். காருக்கும் அதற்கும் எதுவுமே பொருந்தவில்லை. லாரியின் கியர்பாக்ஸையும் சேர்த்தே ஏற்றினாய். பரமக்குடி லேத்தில் ஷாப்டை வெட்டிக் குட்டையாக்கினாய். பாரத்தில் வண்டியின் மூக்கு தரையை முட்ட, முன் ஸ்பிரிங்குக்குக் கட்டை கொடுத்தாய். பெட்ரோல் இஞ்சினை இறக்கிய அன்று உன் உம்மா உள் அறையில் உட்கார்ந்து அழுதது வெளியே கேட்டது. வாப்பா நினைப்பு என்று எண்ணினேன்.

ஆடி கழிவதற்குள் வண்டி தயார். ஒரு சாயங்காலம் என்னைக் கூப்பிட்டு டிரைவர் சீட்டைக் காட்டினாய்.

"உக்காருலே."

"உக்காருவேன். ஓட்டச் சொல்லாத."

நீ பக்கத்தில் ஏறிக்கொண்டாய். கையை நீட்டி நீயே ஸ்டார்ட் செய்தாய். இருமிப் புகைந்து, இஞ்சின் பிடித்துக்கொண்டது. என் கை ஆடியது. தோள் வரைக்கும் ஆடியது.

"மச்சான், நிறுத்து. அதே சத்தம். முக்குன சத்தம்."

"அது நின்னுபோன சத்தம்லே. அதத்தான் இன்னமும் கேட்டுக்கிட்டு இருக்க. இப்ப ஓடுது பாரு. இதக் கேளு."

நான் கதவைத் திறந்துவிட்டேன். நீ சட்டையைப் பிடித்தாய்.

"எறங்குறதுன்னா எறங்கிக்க. ஒண்ணு மட்டும் தெரிஞ்சுக்கிட்டுப் போ. அந்தத் தொட்டித் தண்ணி பூராம் என் தங்கச்சி மோந்தது. மத்த பொம்பளைகளுக்கு முள்ளு வெட்டிக் குடுத்து, அவுக மொறையையும் கேட்டு வாங்கி, சிரட்டை சிரட்டையா மோந்து ஊத்துச்சு. ஒங்க வீட்டுத் தண்ணியவும் சேத்துத்தான். நான் சொன்னது ஒரே வார்த்த, இது ஓடுனா இவன் ஓட்டுவான்னேன். சத்தியமாவாண்ணேன்னு கேட்டுச்சு. எனக்கு என்னலே தெரியும்? ஆமான்னு தலைய ஆட்டிட்டேன்."

சோறு ஏன் கரித்தது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. கதவைச் சாத்தினேன். கியர் போட்டேன். சிக்கல் ஊர் முக்கு வரை கை ஆடியது, முக்கைத் தாண்டியும் ஆடியது. நீ ரோட்டைப் பார்த்துக்கொண்டு பீடியைப் பற்ற வைக்காமலே கடித்துக்கொண்டிருந்தாய். எந்த இடத்தில் ஆட்டம் நின்றது என்று எனக்குத் தெரியாது. ஓடைக்கரையில் வண்டியை நிறுத்தியபோது பார்த்தேன், நின்றிருந்தது.

பூமயில் ஊற்றுக்குள் குனிந்திருந்தாள். நிமிர்ந்து என்னைப் பார்த்தாள், ஸ்டியரிங்கைப் பார்த்தாள். ஓடி வருவாள், அழுவாள் என்று நினைத்தேன். "ரெண்டு பேரும் சும்மாதான வந்தீக? கொடத்தத் தூக்கி வையிங்க" என்றாள். பிறகு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அங்கேயே மணலில் உட்கார்ந்துவிட்டாள்.

அந்த வண்டிதான் எங்களை ஆளாக்கியது. கண் மங்கிச் சவாரிக்குப் போவதை நானாக நிறுத்துகிறவரைக்கும் ஓட்டினேன். ஏர்வாடிக்கு வந்த சனம், பிரசவத்துக்குப் போன பெண்கள், கல்யாண மாப்பிள்ளைகள் என்று எத்தனை பேர். உன்னைக் கடைசியாக ராமநாதபுரம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதும் நான்தான். "மெதுவா போலே, வண்டி ஓடிரப் போகுது" என்று அப்போதும் நக்கல் பண்ணினாய்.

சரி, காலையில் நடந்ததற்கு வருகிறேன். அந்தத் தம்பி கேட்டார், "பழைய பெட்ரோல் இஞ்சின் எங்கய்யா? இருக்கா?"

"பட்டறையில கெடக்கு. செத்துப்போன இஞ்சின்."

சாக்கை அவிழ்த்தார். உள்ளே கிரீஸ் பூசிப் பிள்ளையைப் பொதிந்த மாதிரி பொதிந்து வைத்திருந்தாய். பிளக்கைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தார். முன்பக்க நட்டில் ஸ்பானரைப் போட்டுத் திருப்பினார். வெண்ணெய் மாதிரி சுற்றியது. இன்னொரு முறை திருப்பினார்.

"ஐயா, இதுல என்ன கோளாறுன்னு கழட்டுனாங்க?"

"அதான் சொன்னேனே, செத்துப் போச்சுன்னு."

"யாரு சொன்னா? உள்ள தேய்மானமே இல்லய்யா. ஓடிக்கிட்டிருந்த இஞ்சின இறக்கி வச்சிருக்காங்க."

உன் உம்மா எதற்கு அழுதார்கள் என்று இத்தனை வருஷம் கழித்து எனக்குத் தெரிகிறது. ஒவ்வொரு நோன்புக்கு முன்னாலும் நீ அந்தச் சாக்கை அவிழ்த்து எண்ணெய் ஊற்றித் திருப்பி வைப்பாய். "செத்த இஞ்சினுக்கு என்ன மச்சான் வைத்தியம்?" என்று நான் கேலி பண்ணுவேன். "வாப்பா பொருளு, கெடக்கட்டும்" என்பாய்.

அடப் பாவி மச்சான்! நல்லா ஓடுகிற வாப்பா இஞ்சினை இறக்கி வைத்துவிட்டு, என்னை மூழ்கடித்த இஞ்சினைத் தேடி எடுத்து, கழுவி, ஓடவிட்டு, அதன் முன்னால் என்னைக் கொண்டுவந்து உட்கார வைத்தாயே. டாக்சியாம், டீசலாம்! ஒரு வார்த்தை சொன்னாயா? பக்கத்து சீட்டில் உட்கார்ந்து உலகத்துக் கதையெல்லாம் பேசினாய், என்னை எத்தனை ஏச்சு ஏசினாய், இதை மட்டும் உன்னோடு கபருக்குக் கொண்டுபோய்விட்டாய். அந்தத் தம்பி முன்னால் நான் வாய்விட்டு அழுதேன். அவர் பாவம், என்ன செய்வதென்று தெரியாமல் ஸ்பானரைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

வண்டி விற்பதற்கில்லை என்று சொல்லிவிட்டேன். ஆனால் உன் வாப்பா இஞ்சினைத் திருப்பி ஏற்றிக் கொடுக்கிறீர்களா என்று கேட்டேன். அடுத்த மாசம் ஆட்களோடு வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். லாரி இஞ்சின் எங்கள் வீட்டுக்கு வந்துவிடும். இவ்வளவு நாள் நீ எண்ணெய் ஊற்றினாய், இனிமேல் நான் ஊற்றுகிறேன்.

வண்டியோடு வீட்டுக்குப் போய்ப் பூமயிலிடம் சொன்னேன். எழுந்து வெளியே போனாள். பிறகு தெருக்குழாயில் ஒரு குடம் பிடித்து வந்து, அவள் கையாலேயே ரேடியேட்டரில் ஊற்றினாள். "போயி அண்ணனப் பாத்துட்டு வாங்க. நானும் வாரேன்" என்றாள். பின் சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

உள்ளூர்தானே, மெதுவாக உருட்டிப் போய்ப் பள்ளிவாசல் மதிலுக்கு வெளியே வண்டியை நிறுத்தினேன். உன் தலைமாட்டுப் பக்கம்தான். இஞ்சினை அணைக்கவில்லை. நீ கேட்கட்டும் என்று கொஞ்ச நேரம் ஓடவிட்டேன். பிறகு இரண்டு கையையும் ஸ்டியரிங்கிலிருந்து எடுத்து முன்னால் நீட்டிப் பார்த்தேன். வயசுக்காவது ஆட வேண்டிய கை, மச்சான். ஆடவில்லை.