ரூபனுக்கு அனுப்பிய பதிவுத் தபால்

அண்ணாச்சி,

சென்ற சனிக்கிழமை, வீடு மாற்றுவதற்காகப் பழைய கோப்புகளைப் பிரித்துக்கொண்டிருந்தேன். நம் கூடைப்பந்து அணியின் கோப்பிலிருந்து ஓர் அட்டை நழுவி விழுந்தது. பதிவுத் தபால் உரியவரிடம் சேர்ந்ததற்குச் சான்றாக, அனுப்பியவருக்குத் திரும்பி வரும் ஒப்புகை அட்டை. அதில் ரூபனின் கையெழுத்து இருக்கிறது. கட்டத்துக்குள் அடங்காமல் கோணலாக இறங்கிப் போயிருக்கிறது. மூன்று ஆண்டுகளுக்கு முன் அந்த அட்டை என் கைக்கு வந்தபோது நான் கோணலைக் கவனிக்கவில்லை. கையெழுத்து இருக்கிறதா என்று மட்டும் பார்த்தேன். துளையிட்டுக் கோப்பில் சேர்த்தேன்.

நீங்கள் இருந்திருந்தால், "இதையும் பத்திரமா வச்சிருக்கீராக்கும்?" என்று கேட்டிருப்பீர்கள். நீங்கள் போய் நான்கு மாதங்கள் ஆகின்றன.

ஜெர்சி சிட்டியில் அந்த மாதா கோயில் பள்ளியின் ஆட்டக்கூடம் நமக்கு ஞாயிறு மதியம் இரண்டு மணி நேரம் கிடைத்தது. பாளையங்கோட்டையில் கல்லூரி அணிக்கு ஆடியவர் நீங்கள். நாற்பதைத் தாண்டிய பிறகும், வாரம் முழுவதும் மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுத்துவிட்டு, முழங்காலில் பட்டை கட்டிக்கொண்டு, அணித் தலைவராகக் கூடைக்கு அடியில் நின்றீர்கள். நான் ஆடத் தெரியாதவன். திருநெல்வேலி நீதிமன்றத்தில் சில ஆண்டுகள் வழக்காடிவிட்டு, இங்கே ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் ஒப்பந்தங்களைச் சரிபார்க்க வந்தவன். ஆகவே அணியின் செயலாளன் ஆனேன். சுற்றுவட்டாரத்து இந்தியர்களின் ஆறு அணிகள் சேர்ந்து நடத்திய போட்டிக்கு விதிகளை எழுதிக்கொடுத்தவனும் நானே.

ரூபன் அந்த ஆண்டு இலையுதிர் காலத்தில் வந்தான். இருபத்துமூன்று வயது. இரண்டாயிரமாம் ஆண்டு பிறந்தால் கணினிகள் குழம்பிவிடும் என்று எல்லாரும் அஞ்சிய காலம். அதைச் சரிசெய்ய மன்ஹாட்டனில் ஒரு வங்கிக்கு ஒப்பந்த வேலையில் அனுப்பப்பட்டிருந்தான். நான் இருந்த கட்டடத்திலேயே, எனக்கு இரண்டு மாடி மேலே அறை எடுத்திருந்தான். பந்தைத் தட்டிக்கொண்டு வந்து, யாருக்குத் தருவதென்று முடிவுசெய்யும் கார்டு இடம் அவனுடையது. முதல் நாளே அவன் எறிந்த பந்து நம் கோயம்புத்தூர் சேகரின் மூக்கில் பட்டது.

"ஏந் தம்பி, பந்து வருதுன்னு ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா? மூக்கு போச்சுங்க!"

நீங்கள் சிரித்தீர்கள். "அவன் சரியாத்தான் போட்டான் வே. அங்க இருக்க வேண்டிய ஆளு நீருதான். நீருதான் இல்ல."

தை மாத வாக்கில், இருபத்தைந்து மைல் தள்ளியிருக்கும் எடிசன் ஊர் அணியின் தலைவர் என்னிடம் தொலைபேசியில் பேசினார். அவர்களிடம் ஆறடி நாலங்குல உயரத்தில் ஓர் ஆட்டக்காரர் இருந்தார். ரூபனைத் தந்தால் அவரைத் தருவதாகச் சொன்னார். இறுதிச் சுற்றுகளுக்கு முன் ஒவ்வோர் அணியும் ஒரே ஒருவரை மாற்றிக்கொள்ளலாம் என்பது விதி.

ஆட்டக்கூடத்துக்கு அடுத்த டோனட் கடையில் நாம் மூவர், நீங்கள், சேகர், நான், கூடினோம். நான் இரண்டு பக்கம் தட்டச்சு செய்து கொண்டுபோயிருந்தேன். கூடைக்கு அடியில் உயரம் இல்லாததால்தான் தோற்கிறோம். ரூபனை அவனது நிறுவனம் எந்த நாளும் வேறு மாநிலத்துக்கு அனுப்பலாம், உயரமானவரோ சொந்த வீடு வாங்கிவிட்டவர். மூன்றாவதாக, நம் தலைவரின் முழங்கால் இன்னொரு பருவம் தாங்காது. இவையே என் காரணங்கள்.

"என் முட்டிய ஏன் வே கேஸ்ல சேக்கீரு?" என்றீர்கள். சேகர் சிரித்தார். நீங்கள் சிரிக்கவில்லை. "இன்னும் ஒரு வருஷத்துல அந்தப் பய எப்பிடி ஆடுவான்னு உமக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்."

"தெரியும்னு சொல்றது ஆதாரம் ஆகாதே, அண்ணாச்சி."

காகிதக் கோப்பையைச் சற்று நேரம் உருட்டிக்கொண்டிருந்தீர்கள். "வாரத்துல ஆறு நாளும் அவன் யார்ட்டயும் தமிழ் பேசுததில்ல வே. ஞாயித்துக்கெழம மட்டுந்தான்."

அது நம் முன்னுள்ள கேள்விக்குப் பொருத்தமற்றது என்று சொன்னேன். அவனுக்கு இரண்டு மாடி கீழே குடியிருந்தவன் நான் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. சேகர் என் பக்கம் சேர்ந்தார். இருவருக்கு ஒருவர்.

"செரி, நான் அவன்ட்ட சொல்லிருதேன்" என்று எழுந்தீர்கள். செயலாளர்தான் அறிவிக்க வேண்டும் என்பது விதி, அதுவரை பேச வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். ஒப்புக்கொண்டீர்கள். "செரி, நீரே சொல்லும். மெதுவாச் சொல்லும்" என்றீர்கள். "முறைப்படி தெரிவித்துவிடுகிறேன்" என்றேன். நான் மாடியேறிப் போவேன் என்று நீங்கள் புரிந்துகொண்டீர்கள். அந்தப் புரிதலை நான் திருத்தவில்லை.

எழுத்து மூலம் அறிவிக்க வேண்டும் என்று விதியில் எழுதியிருந்தேன். கதவிடுக்கில் செருகினால் கிடைக்கவில்லை என்று சொல்லிவிட வழியுண்டு. எனவே பதிவுத் தபாலில் அனுப்பினேன். என் மனைவி உறையைப் பார்த்துவிட்டு, "ரெண்டு மாடி மேல இருக்கிற பையனுக்கா? ஏன், லிஃப்ட் ரிப்பேரா?" என்று கேட்டாள். நடைமுறை என்று விளக்கினேன்.

அடுத்த ஞாயிறு ரூபன் ஆட வரவில்லை. நீங்கள் கதவையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். நான் வருகைப் பதிவில் 'முன்னறிவிப்பின்றி வரவில்லை' என்று எழுதினேன். அவன் நிலைத்து இருப்பான் என்று நம்ப முடியாது என்ற என் இரண்டாவது காரணம் மெய்ப்பட்டதாகவே நினைத்தேன்.

அவன் எடிசன் அணிக்கும் போகவில்லை. ஒரு மாலை லிஃப்டில் பார்த்தபோது, "லெட்டர் கெடச்சுது சார். தேங்க்ஸ் சார்" என்றான். வாழ்த்துச் சொன்னேன். கோடையில் டெக்சாஸில், டாலஸ் நகரை அடுத்த பிளானோவுக்குப் போய்விட்டான்.

ஆட்டத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் என் முடிவு தவறன்று என்பதை இங்கே பதிவுசெய்ய வேண்டும். உயரமானவர் வந்தார், கூடையில் பட்டுத் திரும்பிய பந்துகளையெல்லாம் பிடித்தார். நாம் கோப்பையை வென்றோம். அதை நீங்கள் என் காரின் முன் இருக்கையில் வைத்து, பெல்ட்டும் மாட்டிவிட்டீர்கள். "வக்கீலு ஜெயிச்ச கேஸு. நீரே வச்சுக்கிடும்." அதன் பிறகு முழங்கால் வலி என்று சொல்லி ஆட்டக்கூடத்துக்கு வருவதை நிறுத்திவிட்டீர்கள். நான் நம்பினேன். மூன்றாவது காரணம் அல்லவா?

மூன்று ஆண்டுகள் கோயில் வாசலில் பனியைப் பற்றியும் பிள்ளைகளின் படிப்பைப் பற்றியும் பேசிக்கொண்டோம். என்மீது உங்களுக்குக் கோபம் என்று கருதியிருந்தேன். கேட்டுவிட வேண்டும் என்று பலமுறை நினைத்தேன். உரிய தருணத்துக்காகக் காத்திருந்தேன்.

உங்கள் அடக்கத்துக்கு ரூபன் டாலசிலிருந்து விமானத்தில் வந்திருந்தான். சற்றுப் பருத்திருந்தான். கோயில் கூடத்தில் காபியோடு என் அருகில் உட்கார்ந்தான். எடிசனுக்கு ஏன் போகவில்லை என்று அவனிடம் முதன்முறையாகக் கேட்டேன்.

"கார் இல்ல சார்."

என் இரண்டு பக்கத்தில் அது இல்லை.

பிறகு அவனே சொன்னான். "அப்ப வீசா எக்ஸ்டென்ஷனுக்கு வெயிட் பண்ணிட்டு இருந்தேன் சார். வெள்ளிக்கிழமை வேலை முடிஞ்சு வந்தா போஸ்ட் ஆபீஸ் ஸ்லிப் கெடக்கு. யாரு அனுப்புனதுன்னு இல்ல. நேர்ல வந்து சைன் பண்ணி வாங்கிக்கோன்னு இருக்கு. கவர்மென்டுதான், திருப்பி அனுப்பப் போறாங்கன்னு முடிவே பண்ணிட்டேன். சனிக்கிழமை அரை நாள், போறதுக்குள்ள மூடிட்டாங்க. திங்கக்கிழமை லீவு. பெட்டியக்கூட எறக்கி வச்சிட்டேன் சார்."

ஞாயிறு மாலை நீங்கள் அவனைத் தொலைபேசியில் அழைத்திருக்கிறீர்கள். செவ்வாய்க்கிழமை வேலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு அஞ்சலக வரிசையில் அவனோடு நின்றிருக்கிறீர்கள். முதலில் கையெழுத்து, பிறகுதான் உறை. அட்டையில் உள்ள கோணல் அப்போது விழுந்ததுதான். உறையில் என் பெயரும் என் வீட்டு எண்ணும் இருந்தன.

"அண்ணாச்சி வாங்கிப் படிச்சாரு. அப்புறம், 'ஊருக்கு அனுப்பல டே, எடிசனுக்குத்தான் அனுப்புதாவ'ன்னாரு. சிரிச்சு சிரிச்சு எனக்கு அழுகை வந்துட்டு சார்."

கோப்பையை வென்ற பிறகு, கோடை வரும்வரை ஒவ்வொரு ஞாயிறும் நீங்கள் அவனோடு பூங்காவில் ஆடியிருக்கிறீர்கள், அதே முழங்காலோடு. "வக்கீலோட மூணாவது பாயிண்ட்டு நல்லா ஒதவுது டே" என்பீர்களாம். என்னிடம் சொல்லக் கூடாது என்று அவனிடம் வாக்கும் வாங்கியிருக்கிறீர்கள். "தெரிஞ்சா மனுஷன் ஒடஞ்சு போவாரு. நல்லவருதான். கதவத் தட்டத்தான் தெரியாது."

நான் கோபம் என்று கருதிய மூன்று ஆண்டுகளும் நீங்கள் என்னைக் காப்பாற்றிக்கொண்டிருந்திருக்கிறீர்கள். நான் ஒரு முறை கேட்டிருந்தால் உங்களுக்கு அந்தச் சுமை இருந்திருக்காது. இந்த மன்னிப்பையும், பாருங்கள், தாளில்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன். உங்கள் வீடு நான்கு தெரு தள்ளித்தான் இருந்தது.

அந்த அட்டையை நான் கோப்பில் திரும்பச் சேர்க்கவில்லை. சட்டைப் பையில் இருக்கிறது. வரும் சனிக்கிழமை டாலசுக்கு விமானச் சீட்டு எடுத்திருக்கிறேன். கோப்பையைத் துணியில் சுற்றிக் கைப்பையில் வைத்தாயிற்று. ரூபனுக்குக் கடிதம் போடவில்லை, தொலைபேசியும் செய்யவில்லை. அவன் வீட்டில் இருப்பானா என்பதைக்கூட நான் உறுதிசெய்துகொள்ளவில்லை, அண்ணாச்சி. போய்க் கதவைத் தட்டப் போகிறேன்.