பச்சை ரிப்பன் சடை

ஆண்டிபட்டி
வியாழக்கிழமை

அன்பு மகன் மாரிசெல்வத்துக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சுகம், மஸ்கட்டில் நீ வேளைக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கொண்டால் எங்களுக்கு அதுவே போதும். போனில் பேசாமல் எதற்குக் கடிதம் என்று கேட்பாய். முடிக் கம்பெனி சூப்பர்வைசர் கருத்தக்கண்ணன் வீடு நமக்கு அடுத்த சுவர், நான் போனை எடுத்தால் அங்கே டிவி சத்தம் குறைகிறது, அதனால்தான் எழுதுகிறேன்.

போன மாதம் கம்பெனிக்கு ஒரு சாக்கு முடி வந்தது. எங்களுக்கு வருவதெல்லாம் சீப்பில் உதிர்ந்த சிக்கு முடிதான், ஊசியால் பிரித்து நீளம் பார்த்துக் கட்டி வைப்போம், விக் செய்ய வெளிநாட்டுக்குப் போகும். இந்தச் சாக்கில் இருந்ததோ முழுச் சடைகள், கழுத்தோடு கத்தரித்தது. கேட்டதற்கு, "கோயில் முடிதான்க்கா, பேசாம பிரி" என்றான் கருத்தக்கண்ணன். மழித்த முடிக்கும் கத்தரி பட்ட முடிக்கும் எனக்கு வித்தியாசம் தெரியாதா? மனசு ஒப்பவில்லை. ஒரு சடையில் பச்சை ரிப்பன் அவிழ்க்காமலே இருந்தது, ஓரத்தில் சிவப்பு நூல் தையல். எதிர்வீட்டு மலையம்மாள் தன் மகள் சினேகாவின் சாமான்கள் விடுதியில் மாறிப்போகக் கூடாது என்று தைத்துவிடுகிற அடையாளம் அது. அந்தப் பிள்ளை அதற்கு முந்தின வாரம்தான் ஒட்டக் கத்தரித்த தலையோடு லீவுக்கு வந்தது. எல்லாருக்கும் பேன் என்று வார்டன் வெட்டிவிட்டாளாம், முக்காட்டை எடுக்காமலே சோறு தின்றது. பேன் பிடித்த முடியில் ஈர் ஒட்டிக்கொண்டிருக்கும், அலசினாலும் லேசில் போகாது, பதினோரு வருசமாக நான் பார்க்கிறதே அதைத்தானே. அந்தச் சடைகளில் ஓர் ஈர்கூட இல்லை.

வேலை முடிந்து கிளம்பும்போது வாசலில் இடுப்பையும் தூக்குவாளியையும் சோதிப்பார்கள். சினேகாவின் சடையை என் கொண்டைக்குள் சுருட்டி வைத்துக்கொண்டு வெளியே வந்தேன். மலையம்மாள் ரிப்பனைத் தடவிப் பார்த்தாள், அழவில்லை. "ஏம் பிள்ளைய அழுக்குப் பிடிச்சவன்னுல சொன்னாக, நானும் நம்பி வஞ்சேனேக்கா" என்றாள்.

அடுத்து வந்த திங்கட்கிழமை இருவரும் தேனி கலெக்டர் ஆபீசுக்குப் போனோம். உன் அப்பா போக வேண்டாம் என்றே நின்றார், அவரிடம் யார் வந்து என்ன சொன்னார்களோ, இன்னும் எனக்குச் சந்தேகம்தான். அங்கே இருந்த அதிகாரி அம்மா, பேன் இல்லை என்பதற்கு என்ன ஆதாரம் என்று கேட்டார். அவர் மேசையில் வெள்ளைத்தாளை விரித்து, சடையைப் பிரித்து, பேன் சீப்பால் அடி முதல் நுனிவரை வாரினேன். தாள் வெள்ளையாகவே கிடந்தது. "போதும்மா, சீப்ப வைங்க" என்று சொல்லிப் பேனாவை எடுத்தார்.

விசாரணையில் வார்டன் முடியை விற்றதை ஒப்புக்கொண்டாள். ஆனால் விடுதி நடத்துகிறவர்கள் அவளை நீக்கவில்லை, வருசநாட்டில் இருக்கிற அவர்களுடைய இன்னொரு விடுதிக்கு மாற்றிவிட்டார்கள். கம்பெனியில் என்னை இனி வர வேண்டாம் என்றுவிட்டார்கள், ஓடைப்பட்டித் திராட்சைத் தோட்டத்துக்கு வேனில் போய்வருகிறேன், நீ கவலைப்படாதே. சினேகா முக்காடு இல்லாமல் இங்கேயே பள்ளிக்கூடம் போகிறாள். வருகிற ஞாயிற்றுக்கிழமை மலையம்மாளும் நானும் வருசநாடு போகிறோம். பிள்ளைகளைப் பார்க்க வந்த சொந்தம் என்று சொல்லி உள்ளே போய், எத்தனை தலையில் சடை இருக்கிறது என்று எண்ணிவிட்டு வருவோம். அடுத்த மாதமும் போய் எண்ணுவோம்.

வேலப்பர் துணையில் நீ நோய்நொடி இல்லாமல் நன்றாக இரு. படித்ததும் இதைக் கிழித்துப் போடு, உன் அறையில் நம் ஊர்க்காரன் எவன் இருக்கிறானோ.

உன்னைப் பெற்றவள்,
அய்யம்மாள்