என் ஃப்ரிட்ஜ் காப்பாற்றிய தண்ணீர்

பிப்ரவரி 4

பல்கலைக்கழகத்திலிருந்து ஆள் வந்து கூப்பிட்டார்கள். ஊரில் இத்தனை மெக்கானிக் இருக்க, என்னைத்தான் தேடி வந்தார்கள். அங்கே ஆராய்ச்சி செய்யும் என் அக்கா மகள் சொல்லி அனுப்பினாள் என்பது வேறு விஷயம். ஆய்வுக்கூட ஃப்ரிட்ஜ் முந்தின ராத்திரியே நின்றுவிட்டதாம். கையை வைத்த உடனே சொல்லிவிட்டேன், கம்ப்ரஸரைக் கிளப்புகிற ரிலே போச்சு என்று. (மூன்று பாகத்தைக் கழற்றிப் பார்த்த பிறகுதான். யாரும் பார்க்கவில்லை.)

புரொபசர் அசந்துபோனார். "இதெல்லாம் எங்க கத்துக்கிட்டீங்க?"

"எல்லாம் வெளிநாட்டு ட்ரெய்னிங் சார்." கப்பலில் நான்கு மாதம் ஐஸ் பெட்டி துடைத்தேனே, அது வெளிநாடு இல்லாமல் என்ன?

அக்கா மகள், எங்கள் துரும்பு, மட்டும் மூலையில் நின்றாள். பலமாகக் காற்றடித்தால் பறந்துவிடுவாள், அதனால் அந்தப் பேர். சாய ஆலையைச் சுற்றியுள்ள கிணறுகளில் அவள் பிடித்து வந்த தண்ணீர் பாட்டில்கள் அந்த ஃப்ரிட்ஜில்தான் இருந்தன. புது ரிலே வாங்கிப் போடும் வரை என் கடை ஃப்ரிட்ஜில் ஒரு தட்டைக் காலி செய்து கொடுத்தேன். கொண்டு வந்து வைத்தாள். சாயங்காலம் வந்து, ஒவ்வொன்றாக எடுத்துச் சாக்கடையில் ஊற்றினாள்.

"ராத்திரி பூரா சூட்டுல இருந்திருக்கு மாமா. இதை வச்சு எழுதினா பொய். திரும்பப் போய்ப் பிடிக்கணும்."

அந்தக் கிணறுகளுக்கு பஸ் கிடையாது. நடைதான்.

பிப்ரவரி 11

பல்கலைக்கழகத்தில் என்ன வேலை என்று பக்கத்துக் கடை டெய்லர் கேட்டார். என் ஃப்ரிட்ஜ்தான் துரும்பின் ஆராய்ச்சியைக் காப்பாற்றியது என்றேன். ஊற்றிவிட்டாள் என்று சொன்னால் கதையில் என்ன ருசி? யாருக்கு என்ன நஷ்டம்?

பிப்ரவரி 23

புரொபசர் கடைக்கே வந்தார். என் ஸ்டூலில் உட்கார்ந்தார். ஆய்விதழில் ஒரு கட்டுரை அச்சாகும் முன், எழுதியவருக்குச் சம்பந்தமே இல்லாத இரண்டு நிபுணர்களிடம் அதைக் காட்டுவார்களாம். அவர்கள் சரி என்றால்தான் அச்சேறும். பழைய ஃப்ரிட்ஜ் வாங்க வருகிறவன் கையோடு வேறொரு மெக்கானிக்கைக் கூட்டி வருவானே, அது மாதிரி.

"நிபுணர் பேரை நாங்களே சிபாரிசு பண்ணலாம். ஆனா ஒவ்வொருத்தரும் மாசக்கணக்கா இழுக்கறாங்க. உங்க பேர்ல ஒரு மெயில் திறந்துக்கலாம். எழுத வேண்டியதை நான் ஃபோன்ல சொல்றேன், நீங்க அனுப்பினா போதும்."

எட்டாவதோடு நின்றவன் என்று சொல்ல வாயெடுத்தேன். வெளிநாட்டு ட்ரெய்னிங் குறுக்கே வந்து நின்றது.

"உங்க அக்கா பொண்ணு கட்டுரையும் வரும். ஜூன்ல விரிவுரையாளர் வேலைக்கு ஆள் எடுக்கறாங்க. கட்டுரை வந்திருந்தா அவளுக்குத்தான். அவகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. அவ ஒரு மாதிரி."

ஒரு மாதிரி என்றால் என்ன மாதிரி? கேட்காமல் விட்டுவிட்டேன்.

பிப்ரவரி 24

இன்று முதல் நான் டாக்டர். குளிர்பதன ஆய்வு மையத்தின் இயக்குநர். மையத்தின் ஷட்டர் பாதிக்கு மேல் இறங்காது.

மார்ச் 15

இதுவரை நான்கு கட்டுரைக்கு நல்லது சொல்லியாகிவிட்டது. எதைப் பற்றி என்று கேட்டால் தெரியாது. ஒன்றில் மீன் படம் இருந்தது.

இன்று துரும்பின் கட்டுரை வந்தது. அவள் பேருக்குப் பின்னால் புரொபசர் பேர். திரையில் அவள் பேரைப் பார்த்ததும் கண் கலங்கிவிட்டது. புரொபசர் சொன்ன நாலு வரி போதுமா இதற்கு? கல்லுக்குக்கூட அதைத்தான் சொல்வார். தமிழில் பேசினால் ஃபோனே ஆங்கிலமாக்கிக் கொடுக்கிறது. நானும் பேசினேன். இந்தப் பெண்ணின் உழைப்பை நேரில் அறிவேன் என்றேன். ஆய்வுக்கூட ஃப்ரிட்ஜ் நின்றபோதும் மனம் தளராமல், ஒரு தனியார் ஃப்ரிட்ஜில் வைத்து அந்தத் தண்ணீரைக் காப்பாற்றியது ஆராய்ச்சி உலகுக்கே பாடம் என்றேன். படித்துப் பார்த்தேன். பிரமாதம்.

ஏப்ரல் 20

கட்டுரை வந்துவிட்டது. அக்கா ஃபோனில் அழுதாள். நான் பக்கத்தில் இருந்த எல்லாக் கடைக்கும் டீ சொன்னேன். துரும்பு சிரித்து எவ்வளவு நாளாயிற்று.

மே 6

துரும்பு வந்தாள். ஸ்டூலைத் துடைத்துப் போட்டேன், உட்காரவில்லை. ஃபோனை நீட்டினாள். ஆய்விதழ் ஆசிரியர் கேட்டு எழுதியிருக்கிறார். தண்ணீரை வெளியே ஒரு ஃப்ரிட்ஜில் வைத்ததாக மதிப்பீடு செய்த டாக்டர் (பேரும் போட்டிருந்தது) பாராட்டியிருக்கிறார், கட்டுரையில் அப்படி ஒரு வரியே இல்லை. அது உண்மையா? அவருக்கு எப்படித் தெரியும்?

"யாரு மாமா இந்த டாக்டர்?"

"எந்த டாக்டர்?"

"உங்க கடை போர்டுல இருக்கற பேரையே வச்சிருக்காரே, அவர்."

சிரித்துப் பார்த்தேன். எடுபடவில்லை. "உனக்காகத்தாம்மா…"

"நான் அதை ஊத்திட்டேன் மாமா. நீங்க பக்கத்துல நின்னு பாத்துட்டு இருந்தீங்க."

"ஆமா."

"அப்புறம் ஏன் எழுதினீங்க?"

ஏன் எழுதினேன்? என்னத்தச் சொல்ல. நல்லா இருக்கும்னு தோணுச்சு. அவ ஜெயிக்கற எடத்துல என் ஃப்ரிட்ஜும் இருக்கணும்னு தோணுச்சு. அவ்ளோதான் — வேற ஒண்ணுமே இல்ல.

மே 8

என் மச்சான் ஃப்ரிட்ஜ் விற்றால் நான் போய் நல்லது சொல்ல மாட்டேன். கம்ப்ரஸர் தங்கமாக இருந்தாலும் மாட்டேன். சொந்தக்காரன் சொன்னது என்று பின்னால் தெரிந்தால், வாங்கினவன் அதில் ஒரு ஸ்க்ரூவைக்கூட நம்ப மாட்டான். தொழிலுக்கு வந்த நாளிலிருந்து இப்படித்தான். இது எனக்குத் தெரியாத விஷயமா?

மே 13

புரொபசரைப் பார்க்கப் போனேன். நாலு பேர் முன்னால் "யார் நீங்க?" என்றார். பிறகு தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்: மாணவியே தன் மாமாவை ஏற்பாடு செய்துவிட்டாள், தனக்கு ஒன்றும் தெரியாது என்று ஆய்விதழுக்கு எழுதிவிட்டாராம்.

"சார், நீங்க ஃபோன்ல சொல்லித்தானே…"

"நான் சொன்னதுல ஃப்ரிட்ஜ் கதை இருந்துச்சா?"

இல்லை. அது என்னுடையது. அவர் சொன்னதெல்லாம் காற்றோடு போயிற்று. நான் சேர்த்தது மட்டும் நிற்கிறது.

வெளியே வரும்போது கவனித்தேன், ஆய்வுக்கூட ஃப்ரிட்ஜின் சத்தம் மாறியிருந்தது. மறுபடி நிற்கப் போகிறது. நிற்கட்டும் என்று வாசல் வரை வந்துவிட்டேன். திரும்பிப் போய் அட்டெண்டரிடம் சொல்லிவிட்டு வந்தேன். உள்ளே யார் பாட்டிலாவது இருக்குமே.

மே 17

ஆய்விதழுக்குப் பதில். நான் சொல்ல, துரும்பு டைப் அடித்தாள். "முப்பது வருஷ அனுபவத்துல…" என்று ஆரம்பித்தேன். கையை எடுத்துவிட்டாள்.

"நடந்ததை மட்டும் சொல்லுங்க மாமா."

எவ்வளவு சின்னதாக இருக்கிறது நடந்தது. நான் டாக்டர் இல்லை. எட்டாவது வரை. ஃப்ரிட்ஜ் மெக்கானிக். புரொபசர் கேட்டார், செய்தேன். அவள் என் அக்கா மகள், அவளுக்கு எதுவும் தெரியாது. கெட்டுப்போன தண்ணீரை அவள் ஊற்றிவிட்டாள். காப்பாற்றியதாகச் சொன்னது பொய்.

அடித்து முடித்தும் திரையில் பாதி காலி.

ஜூன் 2

நன்றியோடுதான் எழுதியிருக்கிறார்கள். பொய் எழுதினேன் என்று சொல்பவரின் எந்த வார்த்தையை எடுத்துக்கொள்வது என்று தங்களுக்குத் தெரியவில்லையாம். முறையான மதிப்பீடு நடக்காததால் கட்டுரையைத் திரும்பப் பெறுகிறார்களாம்.

எடுத்தே விடுவார்கள் என்று நினைத்தேன். எடுக்கவில்லை. அங்கேயே வைத்து, பக்கத்துக்குப் பக்கம் குறுக்கே 'திரும்பப் பெறப்பட்டது' என்று சிவப்பில் போட்டிருக்கிறார்கள். அவள் பேர் மேலேயும் அந்தச் சிவப்பு.

"இது எப்பம்மா போகும்?"

"போகாது மாமா."

அந்தக் கணக்கெல்லாம் சரிதானே? வெயிலில் நடந்து அவள் புதிதாகப் பிடித்த தண்ணீர்தானே? யாரிடம் போய்ச் சொல்வது? நான் சொன்னால் —

ஜூன் 10

விரிவுரையாளர் நேர்முகத் தேர்வுக்கு அவளைக் கூப்பிடவில்லை. அக்கா ஃபோனை எடுக்கவில்லை.

ஜூலை 1

புரொபசர் துறைத் தலைவராகிவிட்டார். ஆய்வுக்கூடத்துக்குப் புது ஃப்ரிட்ஜ் வாங்கியிருக்கிறார்களாம்.

செப்டம்பர் 14

துரும்பு கடைக்கு வந்தாள். ஜூனுக்குப் பிறகு இப்போதுதான். கேன் தண்ணீர் விற்கிற கம்பெனியில் சோதனை பார்க்கிறாள். அங்கே ஃப்ரிட்ஜ் சரியாகக் குளிரவில்லையாம். வேறு மெக்கானிக் கிடைக்கவில்லையாம்.

டெய்லர் எட்டிப் பார்த்தார். "என்னண்ணே, விஞ்ஞானி வந்திருக்காங்க போல. இவங்க தண்ணியத்தானே உங்க ஃப்ரிட்ஜ் காப்பாத்துச்சு?"

அவள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இல்லப்பா," என்றேன். "கெட்டுப் போச்சு. ஊத்திட்டா. திரும்ப நடந்து போய்ப் பிடிச்சுட்டு வந்தா."

டெய்லருக்கு ஏமாற்றம். மிஷினை மிதிக்கப் போய்விட்டார்.

அவளோடு போய்ப் பார்த்தேன். கம்பெனி ஃப்ரிட்ஜிலும் ரிலேதான். மூன்று பாகத்தைக் கழற்றிய பிறகுதான் தெரிந்தது. அவளிடம் அப்படியே சொன்னேன். மாற்றிப் போட்டு, உள்ளே தெர்மாமீட்டரை வைத்துவிட்டு இருவரும் காத்திருந்தோம். அக்காவுக்கு முட்டி வலியாம்.

கதவைத் திறந்து பார்த்தேன். "நாலு டிகிரி வந்துடுச்சும்மா."

அவள் எழுந்து வந்து, கதவைத் திறந்து, தானும் ஒருமுறை பார்த்துக்கொண்டாள்.