மறுபடி முளைத்த பித்தப்பை

அன்புள்ள அண்ணிக்கு,

வணக்கம். இங்கே எல்லோரும் ஏதோ நடமாடிக்கொண்டிருக்கிறோம். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? போன வாரம் போனில் பேசும்போது என் வீட்டுக்காரர், அதுதான் உங்கள் தம்பி, பக்கத்திலேயே நின்று கண்ணை உருட்டிக்கொண்டிருந்ததால் எதையும் சொல்ல முடியவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம். உட்கார்ந்துகொண்டு படியுங்கள்.

பித்தப்பையை எடுத்த சமயத்தில், அவருடைய கல்லீரல் தழும்பேறிச் சுருங்கியிருப்பது தெரிந்ததல்லவா? ஒரு சொட்டுக் குடித்தவரில்லை. என்றைக்கோ தொற்றிய காமாலைக் கிருமி செய்த வேலை. அப்படியும் தெருவில் எல்லோரும் குடிகாரர் மனைவி என்று என்னைத்தான் பரிதாபமாகப் பார்க்கிறார்கள். இப்படிப்பட்ட கல்லீரலில் புற்றுநோய் சத்தமில்லாமல் வரக்கூடும், வலி வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது, ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன் எடுத்தே ஆக வேண்டும் என்று டாக்டரம்மா அப்போதே சொல்லியிருந்தார்.

லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிற மனிதர். மாதாமாதம் சோதிக்காத லிஃப்டில் காலே வைக்க மாட்டார். தன் வயிறு என்றால் மட்டும், “நல்லா ஓடிட்டிருக்கறதை எதுக்கு நோண்டிப் பாக்கணும்?” என்பார். ஒவ்வொரு முறையும் கத்திக் கத்தி எனக்குத் தொண்டைத் தண்ணீர் வற்றிப்போகும். இந்த முறை மறுபேச்சில்லாமல் கிளம்பினார். வெறும் வயிற்றோடு போக வேண்டும் என்று காபிகூடக் கேட்கவில்லை. எனக்கு அப்போதே பொறி தட்டியிருக்க வேண்டும்.

ரிசல்ட்டைக் காட்ட நானும் இவரும், கூடவே உங்கள் சின்னத் தம்பியும் போனோம். டாக்டரம்மா படத்தைப் பார்த்தார், இவரைப் பார்த்தார், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி படத்தைப் பார்த்தார். “கல்லீரல் பச்சைக் குழந்தைக்கு இருக்கற மாதிரி வழவழன்னு இருக்கு. அதுகூடப் போகட்டும். வெட்டி எடுத்த பித்தப்பை எப்படிங்க திரும்ப முளைச்சுது?” என்று கேட்டார். உங்கள் தம்பி மின்விசிறியை ஆராயத் தொடங்கினார்.

ஸ்கேனுக்குப் போனது உங்கள் சின்னத் தம்பி! இவர்கள் இருவரும் நடத்தும் லிஃப்ட் கடையின் வழக்கம்தான் உங்களுக்குத் தெரியுமே. ஒருவருக்கு நேரம் ஒழியாவிட்டால் மற்றவர் போய் லிஃப்டைச் சோதித்துவிட்டு வருவார், ரசீதில் கடைப் பெயர் இருந்தால் போதும். அதே கணக்கில் அண்ணன் பெயரைச் சொல்லிக்கொண்டு போய் மல்லாந்து படுத்திருக்கிறார். கேட்டால், “அண்ணன் பயந்து நடுங்கறாரு அண்ணி, நான் சும்மாதானே இருந்தேன்” என்கிறார். போன தடவையும் இதே கூத்துதானாம், எல்லாம் சரியாக இருக்கிறது என்று என்னிடம் சொல்லிவிட்டு அந்த ரிசல்ட்டை டாக்டரம்மாவிடம் காட்டவே இல்லையாம். அந்த அறையிலேயே இரண்டு பேரையும் நான் வாங்கிய வாங்கில் நர்ஸ் ஓடிவந்து கதவைச் சாத்தினார்.

மறுநாள் நானே கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய், அவர் படுத்து எழுந்திருக்கும்வரை பக்கத்திலேயே நின்றேன்.

ஒரு சின்னக் கட்டி தெரிகிறது அண்ணி. கொண்டைக்கடலை அளவு. திங்கட்கிழமை மருந்து ஏற்றி இன்னொரு ஸ்கேன் எடுக்கிறார்கள். “புற்றுநோயா இருக்கலாம், இல்லாமலும் போகலாம். அப்படியே இருந்தாலும் சின்னதா இருக்கறப்பவே பிடிச்சாச்சு, வைத்தியம் இருக்கு” என்றார் டாக்டரம்மா. நானும் அதையே நாளெல்லாம் எனக்குள் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அன்றிலிருந்து அவரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. திறந்தால் அழுகைதான் வரும் போலிருக்கிறது. நேற்று ஈரத்துண்டைக் கட்டில்மேல் போட்டார். பேசாமல் எடுத்து உலர்த்தினேன். அவர் வெலவெலத்துப்போய்த் தம்பியிடம், “உங்கண்ணி திட்டவே மாட்டேங்கறாடா, டாக்டர் அவகிட்ட தனியா ஏதோ சொல்லியிருக்காங்க” என்றாராம். தனியாக யாரும் எதுவும் சொல்லவில்லை அண்ணி. சத்தியமாகச் சொல்லவில்லை.

முழங்கால் வலியோடு கூப்பிடுகிறேனே என்று நினைக்காதீர்கள். திங்கட்கிழமைக்குள் வந்துவிடுங்கள். வந்ததும் செருப்பைக்கூடக் கழற்ற வேண்டாம், வாசலில் நின்றபடியே நாலு வீட்டுக்குக் கேட்கிற மாதிரி அவரைத் திட்டுங்கள். அப்போதுதான் அவருக்கு உயிர் வரும். எனக்கும்.

உங்கள் வரவுக்காக வாசலைப் பார்த்திருக்கும்,
தம்பி மனைவி